டோனி ஹோரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளிடம் டோனி ஹோர் யார் என்று கேட்டால், எண்களையும் சொற்களையும் வேகமாக வரிசைப்படுத்தும் குயிக்சார்ட் முறையைக் கண்டுபிடித்தவர் என்பார்கள், அதோடு சரி. இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. அவர் பிறந்தது 1934இல் கொழும்பில், நம் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய அதே கொழும்பில். அந்த ஒட்டுறவுக்காகவாவது இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படிக்கலாம்.

"நான் ஆர்ட்ஸ், எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று: ஹோர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது லத்தீன், கிரேக்கம், தத்துவம். பிறகு கடற்படையில் ரஷ்ய மொழி கற்றார். அந்த மொழிதான் அவரை மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. அங்கே இயந்திர மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்: அகராதி காந்த நாடாவில் அகர வரிசையில் இருந்தது, அதனால் வாக்கியத்தின் சொற்களையும் முதலில் வரிசைப்படுத்தியாக வேண்டும். குயிக்சார்ட் பிறந்தது இந்தத் தேவையில்தான்.

அதை இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். ஓர் எண்ணைப் பிவட்டாக எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறு பக்கமும் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி அப்படியே பிரிப்பதுதான் குயிக்சார்ட். பலர் முதல் எண்ணையே பிவட்டாக எடுக்கிறார்கள். ஏற்கெனவே வரிசையாக இருக்கும் 10,000 ரோல் நம்பரை அப்படிக் கொடுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் ஆகும். பிவட்டை ரேண்டமாக எடுத்தால் சராசரியாக 2 இலட்சத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது நல் (null) ரெஃபரன்ஸ். ரெஃபரன்ஸ் என்பது ஒரு விவரம் இருக்கும் இடத்தைச் சுட்டுவது, எதையுமே சுட்டாமல் காலியாக இருந்தால் அது நல். 1965இல் அல்கால் டபிள்யூ என்ற புரோகிராம் மொழிக்காக வேலை செய்தபோது ஹோர் இதைச் சேர்த்தார். ரெஃபரன்ஸ்கள் எல்லாமே பாதுகாப்பாக இருக்க வேண்டும், அதை கம்பைலரே (நாம் எழுதும் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சோதிக்க வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம், ஆனாலும் செய்வது சுலபமாக இருந்ததால் நல்லையும் உள்ளே விட்டுவிட்டார். 2009இல் மேடையேறி, இது என் நூறு கோடி டாலர் தவறு என்று அவரே சொன்னார். நாமோ இன்னும் அதையே செய்கிறோம். பலகாரக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும்போது எல்லோரிடமும் போன் நம்பர் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது, அப்புறம் மணகோலம் வாங்க வந்த ஆச்சியிடம் போன் இல்லை என்றதும் எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில் புரோகிராம் விழுந்துவிடுவது. எந்த விவரம் காலியாக இருக்கலாம், எது கூடாது என்பதை டேட்டாவை வடிவமைக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். கோட்லின், ரஸ்ட் மாதிரி மொழிகள் அந்த முடிவை நம்மிடம் வற்புறுத்திக் கேட்கின்றன, அதனால்தான் எனக்கு அவற்றின் மேல் மரியாதை.

வேகம் வேண்டும் என்று சோதனைகளை எடுத்துவிடுவது இன்னும் மோசம். எலியட் என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஹோர் குழு எழுதிய அல்கால் கம்பைலர், புரோகிராம் ஓடும்போது அர்ரேயின் (வரிசையாக அடுக்கிய விவரங்களின்) எல்லையைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தது. பல வருடம் கழித்து, வேகத்துக்காக இதை நிறுத்தும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை. கடையில் கூட்டம் அதிகம் என்று எந்தச் செட்டியார் ஐந்தொகை எடுக்காமல் விட்டார்? டெஸ்டிங்கில் மட்டும் சோதனையை வைத்துவிட்டு, நிஜப் பணம் புழங்கும் இடத்தில் கழற்றிவிடுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

கடைசித் தவறு குரூப் புராஜெக்ட் செய்பவர்களுக்கு. ஒருவர் எழுதுவார், மற்ற மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள், வைவாவில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. எலியட் 503 என்ற கம்ப்யூட்டருக்கான மார்க் 2 மென்பொருளுக்கு ஹோர் தலைமை தாங்கியபோது, 30 பேருக்கு மேல் ஒரு வருடம் உழைத்ததற்குச் சமமான வேலை வீணாகி, அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்த அவரிடம் மேலாளர் ஒருவர் சொன்ன காரணம்: உனக்கே புரியாத வேலைகளை உன் ஆட்கள் செய்ய விட்டுவிட்டாய். 1980இல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கிய மேடையில் ஹோர் இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். மீண்டுவந்த விதத்தையும் சொன்னார்: வாடிக்கையாளர்களை அவரவர் இயந்திர அமைப்பின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிறிய குழுவைப் போட்டார்கள். உங்கள் நான்கு பேர் புராஜெக்டையும் அப்படியே சிறிதாகப் பிரிக்கலாம், ஆளுக்கொரு பகுதியை எழுதி, வாராவாரம் அடுத்தவர் பகுதியை மற்றவர் விளக்கிக் காட்டட்டும்.