பனிமூட்டப் பாட்டெல்லாம் ‘சில்’ பாட்டு ஆகிவிடாது

கோத்தகிரியில் தகரக் கூரை போட்ட என் சின்ன ரெக்கார்டிங் அறைக்கு, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் பாட்டோடு வருவார்கள். பெரும்பாலும் மழை ஓயும்வரை காத்திருந்து, ஒவ்வொரு வரியையும் பத்து தடவை பாடிப் பதிவு செய்வார்கள். ஆனால் அந்தப் பாட்டை ஸ்பாட்டிஃபை ஆப்பில் பிளேலிஸ்டுகளுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும் எடிட்டர்களுக்கு அனுப்பும் படிவத்தை மட்டும் ஐந்தே நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். எனக்கு மனசே ஆறாது.

அதிகம் சறுக்குவது ‘மூட்’ கேட்கும் இடத்தில்தான். பனி, தேயிலைத் தோட்டம், ஒரு கிட்டார் இருந்தால் போதும், யோசிக்காமல் ‘சில்’ (chill, ஓய்வாகக் கேட்கும் பாட்டு) என்று தட்டிவிடுகிறார்கள். போன வருடம் ஒரு பெண் வந்தாள். காலமெல்லாம் கொழுந்து பறித்த பாட்டி போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய கூடை மட்டும் சுவரில் தொங்குவதைப் பற்றிய பாட்டு. மெதுவான மெட்டு. இரண்டாவது சரணத்தில் அவள் குரல் உடையும். அவளும் ‘சில்’ என்றே தட்டப் போனாள். படிக்கும்போதோ தூங்கும் முன்போ சும்மா ஓடவிடும் பிளேலிஸ்டில் இந்தப் பாட்டு வந்தால், குரல் உடைகிற இடத்தில் கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். அதே பாட்டை, அழ வேண்டும் என்று தோன்றும் ராத்திரியில் ஒருவர் தேடி வந்து கேட்பார். சோகம் என்று மாற்றினோம்.

உங்களுக்கே குழப்பமாக இருந்தால், மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் ஹெட்ஃபோனைக் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் கேட்க வைத்து, “இதை எப்போது போட்டுக் கேட்பாய்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பதிலே உங்கள் மூட்.

ஜானரும், அதாவது பாட்டின் வகையும், அப்படித்தான். நடுவில் எட்டு நொடி பறை வருகிறது என்பதற்காக ராப் பாட்டை ‘ஃபோக்’ ஆக்காதீர்கள். பாட்டைத் தூக்கி நிறுத்துவது எதுவோ அதுதான் ஜானர். மொழியிலும் ஏமாற்ற வேண்டாம். கேட்பவர் அதிகம் என்று நீலகிரியின் படுக மொழிப் பாட்டைத் தமிழ் என்று போட்டால், தமிழ்ப் பாட்டை எதிர்பார்த்துக் கேட்கும் எடிட்டர் முதல் வரியிலேயே நிறுத்திவிடலாம்.

அப்புறம், நாள் கணக்கு. வெளிவந்துவிட்ட பாட்டை இந்தப் படிவத்தில் அனுப்பவே முடியாது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால்தான், உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலில் நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டு வரும். பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து அது போய்ச் சேரவும் சில நாள் ஆகும். அதனால் நான் எல்லோரிடமும் ஒரு மாத அவகாசம் வைக்கச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் அனுப்பலாம். ஆறு பாட்டு ஆல்பம் என்றால் எதை அனுப்ப வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பணம் கொடுத்தால் பிளேலிஸ்டில் சேர்க்கிறோம் என்று வருபவர்களை நம்பவே வேண்டாம். நானும் ஒருமுறை கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீம், ஆனால் புதிதாகப் பின்தொடர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த மாதம் டிஸ்ட்ரிபியூட்டர் பாட்டையே நீக்கிவிட்டார். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது இருந்தால்தான் ஒரு பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி. அந்தப் பதற்றத்தில்தான் பலர் இவர்களிடம் போய் மாட்டுகிறார்கள். போலி ஸ்ட்ரீமுக்கு ராயல்டியும் கிடையாது.

கடைசியாக, விளக்கம் எழுதும் பெட்டி. 500 எழுத்துதான் இடம். “மனதை உருக்கும் அற்புதப் படைப்பு” என்று அந்தப் பெண் முதலில் எழுதினாள். அதை அழித்துவிட்டு, பாட்டி எங்கே வேலை பார்த்தார், யார் வாசித்தது, எங்கே பதிவானது, பாட்டு வந்ததும் ஊரில் என்ன செய்யப் போகிறாள் என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதிய முதல் வரி: “பின்னணியில் கேட்கும் மழை, பதிவின்போது கூரைமேல் உண்மையாகவே பெய்தது.”