பழைய கார் கொதிக்கிறதா? ரேடியேட்டரை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

இன்ஜின் சூடேறியதும் எல்லோரும் முதலில் கை வைப்பது ரேடியேட்டரில்தான். நானும் அதைத்தான் செய்தேன். புதுசு போட்டு ஓட்டிப் பார்த்தால் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் மறுபடியும் சிவப்பில் போய் நின்றது. அதனால் சொல்கிறேன், எதையும் வாங்கும் முன் எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் 100 டிகிரியையும் தாண்டியிருக்கும், மூடி கழன்ற நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

முதலில் மீட்டர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி (பளபளக்கும் உலோகத்தில் அளவு குறைவாகக் காட்டும்) இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்து, முள் மட்டும் சிவப்பில் நின்றால், கோளாறு சென்சாரிலோ வயரிங்கிலோதான்.

உண்மையிலேயே சூடு என்றால், சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்வு, ரேடியேட்டர் இதழ்களில் அடைத்த தூசி, பிரித்துப் பூட்டும்போது திருப்பி மாட்டிய ஃபேன், திரும்ப மாட்டாமல் விட்ட ஃபேன் உறை, இதில் ஒன்றாக இருக்கும்.

வேகமாக ஓடும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள். என் காரில் இதுதான். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கார்புரேட்டர் லிவரை மெல்ல இழுத்துக்கொண்டே, ரேடியேட்டரின் அடியிலிருந்து தண்ணீர் பம்புக்குப் போகும் கீழ் ஹோஸைப் பார்த்தேன். இன்ஜின் வேகம் கூடக் கூட அது வற்றிய வயிறு போல ஒட்டிப்போனது, விட்டதும் மெல்ல உப்பியது. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, உள்ளே தாங்கி நிற்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டிருந்தது. ஹோஸை மாற்றியதோடு சரியாகிவிட்டது!

ஹோஸ் நன்றாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பெரும்பாலானவை 82 டிகிரியை ஒட்டித் திறக்கும். அதன் மேலேயே எண் பொறித்திருக்கும். கொதித்தும் திறக்கவில்லை என்றால் புதுசு போடுங்கள். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டச் சொல்பவர்கள் உண்டு, அதைக் கேட்காதீர்கள், இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கே வராமல் தேய்மானம் கூடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சூடேறுகிறதா? இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தைப் பாருங்கள். பிரித்துப் பூட்டிய இன்ஜினில் டைமிங் தாமதமாக இருந்தால் எரியும் சூடு, புகை வெளியேறும் வழியெல்லாம் தங்கிவிடும். கூலிங் பாகங்களையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்ற பயம் இருந்தால், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த மாதிரி தெரிந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள், அப்புறம் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வேலை முடிந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) ஊற்றும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள், உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் புது பாகங்களோடும் சூடேறும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுநாள் காலையில் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள்.