சதுரடிக் கணக்கு பழைய வீட்டுக்குப் பொருந்தாது: புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோர் கட்டிய வீட்டை இடிக்க மனமின்றிப் புதுப்பிக்க முனைகிறவர்கள், மேஸ்திரியிடம் முதலில் கேட்பது சதுரடிக்கு என்ன விலை என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. காலி மனையில் எழும் கட்டடத்தில் அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை எது எவ்வளவு என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடுவதால், அங்கே சதுரடி விலை ஓரளவு பொருந்தும். பழைய வீட்டிலோ பூச்சைத் தட்டி எடுத்த பிறகுதான் சுவரின் நிலையும், தரையைப் பெயர்த்த பிறகுதான் கழிவுநீர்க் குழாயின் நிலையும் தெரியவரும். இவற்றைப் பார்க்காமலே மொத்தமாக ஒரு விலை சொல்பவர், தமக்கு இழப்பு வராதபடி உயர்த்திச் சொல்லியிருப்பார். அல்லது குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துக்கொண்டு, பாதியில் எக்ஸ்ட்ரா கேட்கத் தொடங்குவார்.

ஆகவே, ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே ஈரம் ஏறிய சுவரிலும் கசியும் கூரையிலும் இரண்டு மூன்று இடங்களில் பூச்சை உடைத்துப் பார்த்துவிட வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதற்கு ஆகும் கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறியது. அதன் பின் பூச்சு சதுரடிக்கு இவ்வளவு, குழாய் அடிக்கு இவ்வளவு, மின்சாரம் பாயின்ட்டுக்கு இவ்வளவு என வேலைவாரியாக விலை எழுதிக்கொள்வதே பழைய வீட்டுக்கு ஏற்ற முறை.

விலையை எழுதிக்கொண்டவர்கள்கூட அளவெடுக்கும் முறையை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். சுவர்ப் பூச்சை அளக்கும்போது கதவு, ஜன்னல் இடைவெளிகளைக் கழிக்க வேண்டுமா என்பதில்தான் கடைசி நாள் சண்டை பெரும்பாலும் மூள்கிறது. இதற்கு இந்தியத் தர விதியான ஐஎஸ் 1200 தெளிவான வழி சொல்கிறது: அரை சதுர மீட்டர் வரையிலான இடைவெளியைக் கழிப்பதில்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபக்கமும் ஒரே பூச்சானால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்கப்படும். 3 அடிக்கு 7 அடிக் கதவு 21 சதுரடி, அதாவது ஏறத்தாழ 2 சதுர மீட்டர். ஒரு பக்கம் கழித்து, மறுபக்கத்தை விட்டுக்கொடுத்தால், நிலையின் ஓரங்களைப் பூசிய கூலி அதில் அடங்கிவிடுகிறது. இருவருக்கும் நியாயமான இந்தக் கணக்கை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும்.

கூடத்தைப் பெரிதாக்கச் சுவரை எடுப்பது அடுத்த ஆபத்து. சென்னையிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள பழைய வீடுகள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கிறது. வரிசையாகப் போட்ட தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகக் குத்திவைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டை ஓடு பதித்த கூரை அது. அதன் முழுப் பாரமும் கட்டைகளின் முனைகள் அமர்ந்திருக்கும் சுவர்களில் இறங்குகிறது. நடுச்சுவர்தானே என்று அதை எடுக்கும் முன், கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அவை அந்தச் சுவரில் அமர்ந்திருந்தால், முட்டுக் கொடுத்து, பொறியாளர் கணக்கிட்ட உத்தரத்தைச் செருகி, அதன் பிறகே சுவரைத் தொடலாம். நாலரை அங்குலச் சுவர் எல்லாமே வெறும் தடுப்பு என்ற மேஸ்திரி வாக்கையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

சுண்ணாம்பில் கட்டிய சுவரின் மேல் சிமென்ட் பூசுவது பார்வைக்குத் தெரியாத தவறு. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தானே வெளியேற்றிவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைப்பதால், உள்ளே தங்கிய ஈரத்திலுள்ள உப்பு பூத்து, பூச்சைச் செங்கல்லின் மேற்பரப்போடு சேர்த்துப் பெயர்த்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடி வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் தெளிப்பது யார் வேலை என்பதும் எழுதப்பட வேண்டியது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் போசலானா சிமென்ட்) போன்ற கலப்பு சிமென்ட்டில் போட்ட கான்கிரீட்டை, வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் வரை ஈரமாக வைத்திருக்கப் பரிந்துரைக்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கூலிக்கு மட்டும் பேசும் லேபர் கான்ட்ராக்டில் ஆட்கள் மறுநாள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லையென்றால் தளம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். பூசி மூடுமுன் தண்ணீர்க் குழாய்களில் அழுத்தச் சோதனை செய்து, அவற்றையும் வயர் பைப்புகளையும் பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதும், மின் பலகையில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுவதும் எளிய காரியங்கள்.

பணம் கொடுப்பதில் சனிக்கிழமைதான் சிக்கல். ஆட்களுக்கு வாரக் கூலி போட வேண்டும் என்று மேஸ்திரி வந்து நிற்பார். அது உண்மையான தேவைதான். ஆனால் அந்த வாரம் முடிந்த வேலையை அளக்காமல் கேட்ட தொகையைக் கொடுத்துக்கொண்டே வந்தால், பாதி வேலையிலேயே முக்கால் பணம் போய்விடும். அதற்குப் பின் அவரை வரவழைக்க வீட்டுக்காரரிடம் பிடி எதுவும் இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை இருவரும் சேர்ந்து அளந்து நோட்டில் கையெழுத்திட்டுவிட்டால், மறுநாள் பேச்சு சுருங்கிவிடும். இடையில் மாற்றச் சொல்லும் ஒவ்வொன்றும் விலையோடு அதே நோட்டில் ஏற வேண்டும். கழற்றும் தேக்கு நிலைகளும் இரும்புக் கம்பிகளும் யாருக்கு என்பதை இடிக்கும் முன்பே பேசிவிடுங்கள். பேசாவிட்டால், இடிபாட்டோடு அவையும் லாரி ஏறிவிடும்.

மேஸ்திரியைத் தேடுவதற்கும் முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. தந்தை உயில் எழுதாமல் மறைந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய்க்கும் திருமணமாகிச் சென்ற மகளுக்கும் அவர் சொத்தில் பங்கு உண்டு. பாகம் பிரிக்காத வீட்டில் ஒருவர் மட்டும் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு கணக்குக் கேட்பதைவிட, எல்லோரையும் உட்காரவைத்து எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்லது.

கூரை வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது அக்டோபர் பிறக்கும் முன், முடித்துவிட வேண்டும். மொட்டைமாடி ஒழுகுகிறதா என்பதை ஐப்பசி, கார்த்திகை மழைதான் சரியாகக் காட்டும். அதனால் மொத்தத் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும் வரை பிடித்து வைப்பது வழக்கமாக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் நல்ல மேஸ்திரிகள் ஒப்புக்கொள்வார்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.