மூன்று எதிராளிகளுக்கு ஒரு டெக்

மேஜிக் என்னும் கார்டு விளையாட்டை இருவர் ஆடினால் எதிராளியின் உயிர் 20. அதன் கமாண்டர் வகை ஆட்டத்தில் நால்வர் உட்கார்ந்தால் ஆளுக்கு 40. எதிரே மூன்று பேர், ஆக 120. உங்கள் கைக்கு முதலில் வருவதோ அதே ஏழு கார்டுதான். எந்த டெக்கையும் (ஆட்டத்துக்கு அடுக்கும் கார்டுக் கட்டு) நான் இந்தக் கணக்கில் இருந்துதான் தொடங்குவேன். ஒரு கார்டு ஒருவரை மட்டும் தொட்டால் மற்ற இருவருக்கும் அது இனாம். மூவரையும் தொட்டால்தான் அது இந்த மேசைக்கான கார்டு.

புதியவர்களுக்காக விதிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டெக்கில் மொத்தம் 100 கார்டு. அதில் ஒன்று உங்கள் கமாண்டர், பெரும்பாலும் ஒரு லெஜண்டரி கிரீச்சர், அதாவது தனிப்பெயர் கொண்ட உயிரினக் கார்டு. அதை டெக்கோடு கலக்காமல் தனியே திறந்து வைக்க வேண்டும். மானா (கார்டுகளை இறக்கக் கொடுக்கும் விலை) சேர்ந்ததும் அங்கிருந்தே இறக்கலாம். மீதி 99-இல் அடிப்படை லேண்டுகளை (மானா தரும் நிலக் கார்டுகள்) தவிர வேறெந்தக் கார்டும் இரண்டாவது பிரதி வரக்கூடாது. கமாண்டர் கார்டில் எந்த நிற மானாக் குறிகள் இருக்கின்றனவோ, டெக் முழுவதும் அந்த நிறங்களுக்குள் அடங்க வேண்டும். கமாண்டர் செத்தால் பழைய இடத்துக்கே திரும்பலாம், ஆனால் அடுத்த முறை இறக்க 2 மானா கூடுதல், அதற்கடுத்த முறை 4. ஒரே கமாண்டரிடம் சண்டையில் மொத்தம் 21 அடி வாங்கியவர், எவ்வளவு உயிர் மீதி இருந்தாலும் ஆட்டத்தை விட்டு வெளியே. 1994-இல் வந்த லெஜண்ட்ஸ் தொகுப்பின் ஐந்து எல்டர் டிராகன்களை வைத்து ஆட்டக்காரர்களே உருவாக்கிக்கொண்ட ஆட்டம் இது. 2011-இல்தான் மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இதற்கென்றே ஆயத்த டெக்குகளை வெளியிட்டது.

சரி, கமாண்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? படம் பிடித்திருந்தால் போதும் என்பார்கள். படம் பிடிக்க வேண்டியதுதான், ஆனால் என் அளவுகோல் வேறு: கமாண்டர் செத்த பிறகும் அதுவரை செய்த வேலை வீணாகக் கூடாது. மூன்று பேர் கையில் கொலை ஸ்பெல்களோடு உட்கார்ந்திருக்கும் மேசையில் உங்கள் கமாண்டர் சாகத்தான் செய்யும். அதனால்தான் நான் மெரென் ஆஃப் கிளான் நெல் டோத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 2015-ஆம் ஆண்டு வந்த கருப்பு-பச்சைக் கமாண்டர், 4 மானா. உங்கள் பக்கம் வேறு எந்தக் கிரீச்சர் செத்தாலும் உங்களுக்கு ஓர் எக்ஸ்பீரியன்ஸ் கவுண்டர் (கணக்கு வைக்கும் குறி) கிடைக்கும். உங்கள் டர்ன் (ஆடும் முறை) முடியும்போது உங்கள் கிரேவ்யார்டில் (செத்த, பயன்படுத்திய கார்டுகளின் குவியல்) இருந்து ஒரு கிரீச்சரைக் குறிவைக்கலாம். அதன் மானா மதிப்பு (மொத்த விலை) கவுண்டர் எண்ணிக்கைக்குள் இருந்தால் நேரே களத்துக்கு வரும், கூடுதலாக இருந்தால் கைக்கு வரும். அந்தக் கவுண்டர்கள் மெரென் மேல் இல்லை, ஆட்டக்காரரான உங்கள் மேல் இருக்கின்றன. மெரெனைக் கொன்றாலும் அவை போகாது.

இது எப்படி ஓடும் என்று பாருங்கள். மெரென் களத்தில் இருக்கும்போது சகுரா-டிரைப் எல்டரை இறக்குகிறேன், 2 மானா. அதைப் பலி கொடுத்தால் டெக்கில் தேடி ஓர் அடிப்படை லேண்டைப் போடலாம். பலி கொடுத்ததும் ஒரு கவுண்டர். டர்ன் முடிவில் எல்டரின் மதிப்பு 2, என் கவுண்டர் 1, அதனால் கைக்கு வருகிறது. அடுத்த டர்னில் மறுபடி இறக்கிப் பலி கொடுத்தால் கவுண்டர் 2. இம்முறை நேரே களத்துக்கே வந்துவிடும். அதற்கப்புறம் டர்னுக்கு ஒரு லேண்ட், செலவே இல்லாமல். யாரும் பயப்படாத 1/1 (அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1) கிரீச்சர் இதைச் செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நால்வர் மேசையில் பயமுறுத்தாமல் வளர்வது ஒரு கலை.

இனி 99-ஐ நிரப்பலாம். பெரும்பாலானோர் பிடித்த கார்டுகளை அடுக்கிவிட்டு மிச்ச இடத்தில் லேண்டைத் திணிப்பார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். முதலில் 37 லேண்ட். 99-இல் 37 என்றால் நான்காவது டர்னுக்குள் பார்க்கும் 11 கார்டில் சராசரியாக நான்கு லேண்ட் வரும். நான்கு மானா கமாண்டருக்கு அது சரியான அளவு. இந்த டெக்கில் எல்டர் போன்றவை அடிப்படை லேண்டைத்தான் தேடும் என்பதால் கருப்பு மானா தரும் ஸ்வாம்பும் பச்சை மானா தரும் ஃபாரஸ்டுமாகக் குறைந்தது 28 வேண்டும். கமாண்டரின் எந்த நிற மானாவையும் தரும் கமாண்ட் டவர் கட்டாயம். படுத்த நிலையில் (அந்த டர்னில் மானா தராமல்) களத்துக்கு வரும் லேண்டுகளை ஐந்தாறோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொன்றும் உங்களை அரை டர்ன் பின்னால் இழுக்கும்.

அடுத்து மானாவைப் பெருக்கும் கார்டுகள் 10: சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், ராம்பன்ட் குரோத், கல்டிவேட், நமது எல்டர் என்று. பத்து அதிகம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தோன்றாது. மூன்றாவது டர்னுக்குள் 10 கார்டு பார்ப்பீர்கள். டெக்கில் இவை பத்து இருந்தால் அதற்குள் ஒன்றாவது கைக்கு வர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஐந்தே இருந்தால் அது 42 சதவீதம்தான்.

கார்டு எடுக்க உதவும் கார்டுகளும் ஒரு பத்து. இங்கேதான் என் முதல் கணக்கு வேலை செய்யத் தொடங்கும். நைட்ஸ் விஸ்பர் 2 மானாவுக்கு இரண்டு கார்டு தரும்; நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சைஃபன் மைண்டைப் பாருங்கள். 4 மானா. மற்ற ஒவ்வொருவரும் ஒரு கார்டைக் கழிக்க வேண்டும், கழித்த ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒன்று எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் சீந்த ஆள் இல்லாத கார்டு இது. நால்வர் மேசையிலோ, மூன்று பேரிடமும் கார்டு இருக்கும் வரை, எதிர்ப்பக்கம் மூன்று குறைந்து என் பக்கம் மூன்று கூடும். கார்டில் “ஒவ்வோர் எதிராளியும்”, “ஒவ்வோர் ஆட்டக்காரரும்” என்ற பொருள்படும் வரி கண்ணில் பட்டால் அங்கே நின்று இரண்டு தடவை படியுங்கள். அப்புறம் கிரீச்சருக்கு மாட்டும் கருவியான ஸ்கல்கிளாம்ப்: 1/1 கிரீச்சர்கள் நிறைந்த டெக்கில் இதை விடவே கூடாது. மாட்டிய உடனே கிரீச்சர் செத்து இரண்டு கார்டு தரும், மெரென் கணக்கில் ஒரு கவுண்டரும் ஏறும்.

அழிக்கும் கார்டுகளில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஒருவருடைய கிரீச்சரை நான் ஒரு கார்டு செலவழித்துக் கொன்றால், அவருக்கும் எனக்கும் தலா ஒரு கார்டு குறைகிறது. சும்மா பார்த்துக்கொண்டிருந்த இருவரும் எங்களைவிட ஒரு கார்டு முன்னால். எனவே இத்தகைய ஒன்றுக்கு ஒன்று ஸ்பெல்கள் குறைவாக, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கார்டுகளை அழிக்கக் கூடியவையாக இருக்க வேண்டும். பீஸ்ட் விதின் எதை வேண்டுமானாலும் அழிக்கும், பதிலுக்கு அவருக்கு ஒரு 3/3 கிடைக்கும், கிடைக்கட்டும். அசாசின்ஸ் டிரோஃபி, புட்ரிஃபை, இவற்றோடு சேர்த்து மொத்தம் ஐந்து போதும். இவற்றை மேசையில் உள்ள மிகப் பெரிய மிருகத்துக்கு என்று நினைக்காதீர்கள். உங்களைத் தோற்கடிக்கப் போகும் கார்டுக்காக வைத்திருங்கள். பெரிய மிருகம் பக்கத்து ஆளைக் கடித்துக்கொண்டிருந்தால் அதை ஏன் கொல்ல வேண்டும்?

மீதி அழிவு வேலையைக் கிரீச்சர்களிடம் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவை திரும்பி வரும். ஃபிளெஷ்பாக் மரௌடர் இந்த டெக்கின் தூண். 3 மானா, களத்துக்கு வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கிரீச்சரைப் பலி கொடுக்க வேண்டும். நான் மரௌடரையே பலி கொடுக்கிறேன். ஒரு கார்டுக்கு மூன்று எதிராளிகளும் ஒவ்வொன்று இழக்கிறார்கள், எனக்கு ஒரு கவுண்டர், மூன்று கவுண்டர் சேர்ந்தபின் மரௌடர் டர்ன் முடிவில் சும்மாவே திரும்புகிறது. எங்கள் மேசையில் ஒருவர் டிராகன் டெக்கைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். ஏழு மானா கொடுத்து ஒற்றை டிராகனை இறக்கியவரிடம் மரௌடரைக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதே ஆள் சிறிய டோக்கன்களை (மற்ற கார்டுகள் உண்டாக்கும் குட்டிக் கிரீச்சர்கள்) வைத்திருந்தால் இது பலிக்காது, அதற்கு டேம்னேஷன், டாக்சிக் டெல்யூஜ் போல மொத்தக் களத்தையும் துடைக்கும் கார்டு வேண்டும். அவை இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வைத்தால் ஆட்டம் முடியவே முடியாது, உங்களோடு உட்கார ஆளும் வர மாட்டார்கள்.

ஸ்போர் ஃபிராக் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1 மானாத் தவளை. பலி கொடுத்தால் அந்த டர்னில் சண்டை அடி எதுவும் விழாது. மெரென் அதை என் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் களத்துக்குக் கொண்டுவருவாள், ஆனால் ஒரு சுற்றில் ஒருவரின் தாக்குதலை மட்டுமே தடுக்க முடியும். எனவே மூன்று பேரும் யார் முதலில் அடித்துத் தவளையைத் தீர்ப்பது என்று தங்களுக்குள் பேரம் பேசத் தொடங்குவார்கள். பாதி நேரம் அந்தப் பேரமே படியாது. என்னை அடிப்பதைவிட வேறு யாரையாவது அடிப்பது சுலபம் என்று முடிவு செய்துவிடுவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஜெயிக்க ஒரு வழி வேண்டுமே. 120 உயிரை 3/4 மெரென் அடித்துத் தீர்க்க முடியாது. இங்கேயும் மூவரையும் ஒரே நேரத்தில் தொடும் கார்டுகள்தான். கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெல் 5 மானா. வந்ததும், உங்கள் களத்தில் உள்ள கார்டுகளின் விலையில் எத்தனை கருப்புக் குறி இருக்கிறதோ, ஒவ்வோர் எதிராளியும் அத்தனை உயிர் இழப்பார். மொத்தமும் உங்கள் உயிரில் சேரும். அதன் விலையிலேயே இரண்டு, மெரென் விலையில் ஒன்று, கூடவே ஃபைரெக்ஸியன் அரீனா இருந்தால் அதில் இரண்டு, ஆக ஐந்து. மூன்று பேருக்கும் சேர்த்து 15 போனது, எனக்கு 15 வந்தது. ஐந்து கவுண்டர் சேர்ந்தபின் மெர்ச்சன்டைப் பலி கொடுக்க விஸ்செரா சீர் போல ஒன்று இருந்தால் டர்னுக்கு ஒரு தடவை இதே கதை. ஜூலாபோர்ட் கட்த்ரோட் என் கிரீச்சர் சாகும்போதெல்லாம் சின்னச் சின்னதாகக் கறக்கும். கடைசியில், கொட்டிய மானாவுக்கு ஏற்ப மூவரின் உயிரையும் உறிஞ்சும் எக்ஸாங்குவினேட்.

மைக்கேயஸ் த அன்ஹாலோடும் டிரிஸ்கெலியனும் சேர்ந்தால் முடிவே இல்லாமல் அடி விழும், ஆட்டம் அந்த நிமிடமே முடியும். எனக்குத் தெரிந்தும் வைக்கவில்லை. டெமோனிக் டியூட்டர் போன்ற தேடும் கார்டுகளும் இல்லை. நூறு கார்டிலும் பிரதி இல்லாமல் ஆடுவதன் சுகமே ஒவ்வோர் ஆட்டமும் வேறு மாதிரி வருவது. தேடித் தேடி அதே இரண்டு கார்டை எடுப்பதானால் சாதாரண 60 கார்டு மேஜிக்கே ஆடிவிடலாம். இது என் ரசனை. உங்கள் மேசை வேகமான ஆட்டம் விரும்பினால் தாராளமாக வையுங்கள். ஆனால் உட்காரும் முன் சொல்லிவிடுங்கள். விஸார்ட்ஸ் 2025-இல் டெக்குகளின் வலிமையைச் சொல்ல 1 முதல் 5 வரை படிகளை அறிமுகப்படுத்தியது. கூடவே ‘கேம் சேஞ்சர்’ என்று, ஆட்டத்தையே புரட்டிப்போடும் கார்டுகளின் பட்டியல் ஒன்று. ரிஸ்டிக் ஸ்டடி, சைக்ளோனிக் ரிஃப்ட், மேலே சொன்ன டியூட்டர் எல்லாம் அதில் உண்டு. முதல் இரண்டு படிகளில் அவற்றுக்கு இடமில்லை, மூன்றாவதில் மூன்று வரை வைக்கலாம். எண் சொல்வதோடு நிறுத்தாமல், “என் டெக் சுமார் எத்தனையாவது டர்னில் ஜெயிக்கும், எப்படி ஜெயிக்கும்” என்று சொன்னால் இன்னும் தெளிவு.

மெரென் டெக்கின் பலவீனம் வெளிப்படை: கிரேவ்யார்டைக் காலி செய்துவிட்டால் கதை கந்தல். போஜுகா பாக் ஒரு லேண்ட்தான், களத்துக்கு வந்ததும் ஒருவர் கிரேவ்யார்ட் முழுதும் காணாமல் போய்விடும். எங்கள் நீல டெக்காரர்கூட அதற்கு ஈடான ஒன்றை வைத்துக்கொண்டுதான் வருவார். அதற்காக, கிரேவ்யார்ட் இல்லாவிட்டாலும் தனியாக வேலை செய்யும் கிரீச்சர்களையே தேர்ந்தெடுப்பேன். ரெக்லமேஷன் சேஜ், ராவனஸ் சுப்பகாப்ரா, சாலிடம் சிமுலாக்ரம் எல்லாம் ஒரு தடவை இறங்கினாலே கொடுத்த மானாவுக்கு நியாயம் செய்துவிடும். திரும்ப வருவது லாபக் கணக்கு.

எழுதி முடித்தால் 99-க்குப் பதில் 115 போல இருக்கும். எப்போதும் அப்படித்தான். லேண்டில் கை வைக்காதீர்கள். 6 மானாவுக்கு மேலுள்ளவற்றைத் தனியே அடுக்கி ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். அதன்பின், “நான் பின்தங்கியிருக்கும்போது இது கைக்கு வந்தால் சந்தோஷப்படுவேனா?” என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். அப்புறம் தனியாக உட்கார்ந்து கலைத்து, ஏழு எடுத்து, ஆறாவது டர்ன் வரை ஆடிப் பாருங்கள். மூன்று லேண்டும் ஒரு மானாப் பெருக்கியும் உள்ள கை நல்ல கை. பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் முறை கையை மாற்றுவதற்குக் கார்டு இழப்பு கிடையாது என்பதால், இரண்டு லேண்ட் கையை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நண்பர்களோடு ஆடத் தொடங்கியபின், ஆட்டம் முடியும்போது கையில் எது மிஞ்சியது என்று மட்டும் கவனியுங்கள். என் டெக்கில் உட்ஃபால் பிரைமஸ் அப்படி மிஞ்சிக்கொண்டே இருந்தது. 8 மானா, அழகான மிருகம், ஆனால் எட்டுக் கவுண்டர் சேரும்போது யாராவது ஜெயித்திருப்பார்கள். அதன் இடத்தில் இப்போது 5 மானா அசிடிக் ஸ்லைம் இருக்கிறது. பார்க்கச் சகிக்காது, ஆனால் களத்துக்கு வந்துவிடுகிறது.