மண் அடிக்கும் முன் ஒரு டியூப் மட்டம்

மனையில் லாரி மண் இறக்கும் முன், தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் டியூபால் நான்கு மூலையும், தெருவும் எவ்வளவு உயரம் என்று பார்த்துவிடுங்கள். மூலைக்கு ஒரு குச்சி, தெருவில் ஒரு குச்சி நட்டு, டியூபின் ஒரு முனையை முதல் குச்சியிலும் மறு முனையை மற்ற குச்சிகளில் ஒவ்வொன்றாகவும் பிடித்து, எல்லாக் கோடும் ஒரே மட்டத்தில் வருமாறு தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரைக்கு அளவு எங்கே கூடுதலோ, அங்கேதான் பள்ளம்.

டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கவே கூடாது. ஒரு சொட்டு நீலம் கலந்தால் கோடு பளிச்சென்று தெரியும்.

சுவரை விட்டு 10 அடிக்குள் 6 அங்குலம் சரிவு இருக்கட்டும். தெருவையும் அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை உயர்ந்த மேடையில் எழுப்பினார்கள், மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போனது. இப்போது ரோடு போடப் போட உயர்கிறது, மனை பள்ளமாகிவிடுகிறது. ஐப்பசி மழையில் அது தெரிந்து பயனில்லை.

ஏக்கர் கணக்கான நிலத்துக்கு இது சரிவராது, சர்வேயரைக் கூப்பிடுங்கள். புதிதாகக் கொட்டிய மண்ணிலும் வேண்டாம். தண்ணீர் விட்டுத் திமிசு (மண்ணை இடிக்கும் கட்டை) போட்டு இறுகிய பிறகு அளந்தால்தான் கணக்கு நிற்கும்.