கிராஸ்போ பழக எந்த டார்கெட்? ஒரு குஷன் கடைக்காரரின் அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு குஷன் கடை. சோஃபா, ஆட்டோ சீட், மண்டபத்து நாற்காலி என்று இருபது வருஷமாக ஃபோமோடுதான் பிழைப்பு. அதனால் என் மனைவியின் தம்பி கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தினால் கணை, அதாவது குட்டை அம்பு, பாய்கிற வில்) வாங்கியதும், “மச்சான், டார்கெட் நீங்களே செஞ்சு குடுத்துருங்க, வெளியில விலை கூடச் சொல்றாங்கெ” என்று என்னிடம் வந்து நின்றதில் ஆச்சரியமில்லை. நானும் பெருமையாக 40 டென்சிட்டி ஃபோமை ஓரடி கனத்துக்கு ஒட்டி, ரெக்சின் போர்த்தி, ஓரத்துக்குப் பைப்பிங்கெல்லாம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். முதல் கணை அதற்குள் நுழைந்ததும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. நாங்கள் அடித்துப் பழகுகிற தோப்பில், டார்கெட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் பாதி புதைந்து கிடந்தது. அந்த டார்கெட்டில் இப்போது தோப்புக்காரர்தான் மத்தியானம் தலை வைத்துப் படுக்கிறார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் நாலு டார்கெட் மாறிவிட்டது. டார்கெட்டைப் பற்றி யாராவது கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கணை நிற்குமா என்பது இருக்கட்டும், நின்ற கணையைப் பிடுங்க முடியுமா?

முதலில் உங்கள் வில்லின் வேகத்தைப் பாருங்கள். பெட்டியிலேயே நொடிக்கு இத்தனை அடி என்று, எஃப்பிஎஸ் கணக்கில், போட்டிருப்பார்கள். கணையின் எடை கிரெய்ன் கணக்கில் இருக்கும். 400 கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட 26 கிராம். அந்தக் கிரெய்ன் எடையை வேகத்தால் இரண்டு தடவை பெருக்கி 450240ஆல் வகுத்தால், கணை எத்தனை ஃபுட்பவுண்ட் சக்தியோடு வருகிறது என்று கிடைக்கும். மாப்பிள்ளையின் (மனைவியின் தம்பியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வில் 235 எஃப்பிஎஸ், கணை 400 கிரெய்ன். கணக்குப் போட்டால் 49 வருகிறது. அதே கணை 350 எஃப்பிஎஸ் வில்லிலிருந்து வந்தால் கிட்டத்தட்ட 109. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் அடி இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. கடையில் வாங்குகிற டார்கெட்டின் லேபிளில் எத்தனை எஃப்பிஎஸ் வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். உங்கள் வில்லின் வேகத்தைவிட அது தாராளமாகக் கூடுதலாக இருக்கட்டும். சாதா வில்லுக்கு என்று மட்டும் எழுதியிருந்தால் தொடவே வேண்டாம்.

சரி, என் ஃபோம் ஏன் தோற்றது? சோஃபா ஃபோமில் கண் திறந்திருக்கும். உட்கார்ந்தால் காற்று வெளியேறி அமுங்கும், எழுந்தால் நிமிரும். அமுங்கத் தெரியுமே தவிர அதற்குக் கவ்வத் தெரியாது. கணையை நிறுத்துவது அதன் தண்டைச் சுற்றி நெருக்கிப் பிடிக்கிற உராய்வு. அதற்குக் கண் மூடிய ஃபோம் வேண்டும். செருப்புக்குப் போடுகிற ஈவிஏ ஷீட் அந்த ஜாதி. அதையும் சுவர் மாதிரி நிமிர்த்தி முகத்தில் அடிக்கக்கூடாது. ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கி, இறுக்கிக் கட்டி, புத்தகத்தின் தாள் ஓரம் தெரிகிற பக்கம் மாதிரி இருக்குமே, அந்தப் பக்கத்தில் அடிக்க வேண்டும். கணை ஷீட்டைக் கிழிக்காமல் இரண்டுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். மேலும் கீழும் இருக்கிற அடுக்குகள் அதை நெருக்கி நிறுத்தும். பிடுங்கியதும் இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.

நாங்கள் செய்தது இது: 10 மி.மீ. ஈவிஏ ஷீட் 60, ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அடியில் ஒரு பலகை, மேலே ஒரு பலகை. லாரியில் சரக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட் இரண்டைச் சுற்றிவிட்டு, பலகை முனகுகிற வரைக்கும் இறுக்கினோம். நட்டு போல்ட்டோடு இரும்புக் கம்பி போட்டும் இறுக்கலாம், ஆனால் முகத்துக்குப் பக்கத்தில் கம்பி இருக்கவே கூடாது. இரும்பில் பட்ட கணை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடு அடுக்குகள்தான் முதலில் தளரும். அப்போது பெல்ட்டை அவிழ்த்து, நடுவிலிருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை நடுவிலும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டார்கெட் இரண்டு டார்கெட் மாதிரி உழைக்கும்.

ஆழம் ஒன்றரை அடி வைத்ததற்குக் காரணம் உண்டு. சாதா வில்லின் அம்பு நீளம், பாதி புதைந்தாலும் பிடிக்கக் கம்பு மிச்சமிருக்கும். கிராஸ்போ கணை பெரும்பாலும் 20 அங்குலம்தான். மெத்தென்ற டார்கெட்டில் இறகு வரைக்கும் உள்ளே போய்விட்டால் பிடிக்க இடமே இருக்காது, இறகும் கழன்றுவிடும். டார்கெட் வாங்கும்போது கனத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள், போட்டோவை நம்ப வேண்டாம்.

ஃபோமுக்கு எங்கள் ஊரில் ஒரே எதிரி வெயில். சித்திரை வெயிலில் தோப்பில் காலையிலேயே அனல் அடிக்கும். ஏற்கெனவே இளகிப்போன ஃபோமில் கணை உரசிப் புகுந்தால் அந்தச் சூட்டில் தண்டோடு ஒட்டிக்கொள்கிறது. போன சித்திரையில் ஒரு கணையை மாப்பிள்ளை ஒரு காலை டார்கெட்டில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வராது வராது என்று இருந்தது பொசுக்கென்று வந்துவிட்டது. பின்னால் நின்றுகொண்டிருந்த என் மகனின் நெற்றியில் கணையின் வால் இடித்தது. இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தால் கண். அன்றிலிருந்து பிடுங்கும்போது பின்னால் ஆள் நிற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு கையை டார்கெட்டின் முகத்தில் தட்டையாக ஊன்றி, இன்னொரு கையால் கணையை ஃபோமை ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் நின்று, நேராக இழுங்கள். வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டிச் சுற்றிப் பிடியுங்கள், இரும்புப்பிடியாக இருக்கும். திருக வேண்டி வந்தால் கடிகாரம் சுற்றுகிற பக்கமே திருகுங்கள். மாற்றித் திருகினால் முனை மறை கழன்று உள்ளேயே தங்கிவிடும். அடிப்பதற்கு முன்பே தண்டில் காய்ந்த சோப்பைத் தேய்த்துவிட்டால் சுலபமாக வரும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், தோப்புப் புழுதி முழுக்க அப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்தப் பிடுங்கல் தொல்லை பிடிக்காதவர்களுக்குத் துணி மூட்டைதான் சரி. இரண்டு விரலால் இழுத்தாலே கணை வந்துவிடும். செலவும் கம்மி. தையல் கடைகளில் வெட்டி ஒதுக்கிய துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், பழகிய தையல்காரர் என்றால் சும்மாவே தருவார். ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டன், ஜிப், கொக்கி எதுவும் உள்ளே போகக்கூடாது. நான் ஒரு பழைய பேன்ட்டைப் பார்க்காமல் திணித்துவிட்டேன், அதன் ஜிப்பில் பட்டு ஒரு முனை வளைந்துபோனது. உர மூடைச் சாக்கை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டு, உலக்கையால் குத்திக் குத்தி நிரப்புங்கள். இதற்கு மேல் கையை விட்டால் போகாது என்கிற அளவுக்கு இறுக வேண்டும். முதல் மூட்டையை நான் தளரக் கட்டிவிட்டேன்.

“மச்சான், அம்பக் காணோம்.”

“உள்ளதான் கெடக்கும் மாப்ள, சாக்கப் பிரி.”

உள்ளேயும் இல்லை. மேல் பக்கம் துணி இறங்கிக் காலியாகக் கிடந்திருக்கிறது, கணை அதன் வழியே மண்மேட்டுக்குப் போய்விட்டது. துணி எப்படியும் நாளாக நாளாக அமுங்கும், அதனால் மாதம் ஒருமுறை வாயைப் பிரித்து மேலே நிரப்ப வேண்டும். சாக்கு வெயிலில் கிடந்தால் மூன்று மாதத்தில் அப்பளமாக நொறுங்கும், ஐப்பசி மழையில் நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அடித்து முடித்ததும் பம்ப்செட் ரூமுக்குள் போட்டுவிடுவோம். அங்கேயும் ஒரு தடவை எலி குட்டி போட்டிருந்தது.

வைக்கோல் கட்டைச் சிலர் சொல்வார்கள். வேகம் குறைந்த மூங்கில் வில்லுக்குச் சரி, கிராஸ்போவுக்கு நாலு நாள் தாங்காது, அதற்கு மாட்டுக்கே போடலாம். தெர்மாகோல் வேண்டாம், தோப்பு முழுக்க வெள்ளை மணி சிதறும். ஜல்லிக்கட்டுக் களத்தில் கொட்டுகிற தேங்காய் நாரையும் எங்கள் பக்கத்து ஆள் என்பதால் விட்டுவைக்கவில்லை. கணை நின்றது, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தூள் பறந்து தும்மலே வேலையாகிவிட்டது.

எந்த டார்கெட்டாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு மண்மேடு கட்டாயம். எங்கள் தோப்பு அலங்காநல்லூர் போகிற வழியில் இருக்கிறது. பழைய கிணறு வெட்டிய மண் ஆள் உயரத்துக்குக் கிடந்ததால் வேலை மிச்சம் என்று நினைத்தோம். கிணற்று மண்ணில் பாறைச் சில்லு இருக்கும் என்பது ஒரு கணை உடைந்த பிறகுதான் உறைத்தது. முன்பக்கம் ஓரடி கனத்துக்குச் சலித்த மண்ணைப் போட்டபின் பிரச்சினை இல்லை. கரட்டுப் பாறையை முதுகாக வைத்து அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், கணை தெறித்துத் திரும்பும். வரப்பும் வாய்க்கால் கரையும் ஆகாது. ஆள் நடக்காத இடமென்று நம்மூரில் எதுவும் கிடையாது.

குறிக்கு நாங்கள் தினசரி காலண்டர் அட்டையின் வெள்ளைப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறோம். சில்வர் டம்ளரைக் கவிழ்த்து ஐந்து வட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் வீட்டுப் பெண்களிடம் கேட்டு வாங்கிய பெரிய ஸ்டிக்கர் பொட்டு. ஐந்தும் ஐந்து கணைக்கு. ஒரே வட்டத்தில் இரண்டு கணை அடித்தால் ஒன்றின் வாலில் இன்னொன்று ஏறி இரண்டும் வீண். கை பழகப் பழக இது அடிக்கடி நடக்கும், சந்தோஷப்படவும் முடியாது. கார்பன் கணையாக இருந்தால் ஒவ்வொரு முறை பிடுங்கியபின்னும் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்றால் உடைத்துப் போட்டுவிடுங்கள்.

பிளேடு வைத்த முனை விற்கிறார்கள். துணி மூட்டையை அது ஒரே நாளில் கிழித்துவிடும், பிடுங்கவும் வராது. அது வேட்டைக்கான முனை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதங்களை வரிசைப்படுத்தும்போது வில்லையும் அம்பையும் சேர்த்தே சொல்கிறது. தோப்புக்கு மயில் வருகிற ஊரில் அந்த முனையைப் பையில் வைத்திருந்தால் விளக்கம் சொல்லி மாளாது. பழகுகிறவருக்குச் சாதா கூர்முனை போதும்.

இன்னொரு மூட்டையும் தைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முழம் இருந்தால் போதும், துணிக்குப் பதில் உள்ளே சலித்த மண். நாண் ஏற்றிய கிராஸ்போவைச் சாதா வில் மாதிரி மெதுவாக இறக்கிவிட முடியாது, பெரும்பாலான மாடல்களில் அடித்துத்தான் இறக்க வேண்டும். கணை இல்லாமல் வெறுமனே விட்டால் வில்லே தெறித்துப்போகலாம். அதனால் மாலை கிளம்பும்போது இறகு போன கிழட்டுக் கணை ஒன்றை வைத்து, பத்தடி தள்ளி நின்று, டார்கெட்டின் காலடியில் கிடக்கிற அந்த மண் மூட்டையில் அடித்து இறக்குகிறோம். அந்தக் கணைக்கு மாப்பிள்ளை சிவப்பு நெயில்பாலிஷ் அடித்து வைத்திருக்கிறான், மற்றதோடு கலந்துவிடக்கூடாதென்று.