ட்ரோன் காட்சிகளைத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்குத் தயார் செய்தல்

கைப்பேசித் திரையில் அசத்தலாகத் தெரியும் ட்ரோன் காட்சி வீட்டுத் தொலைக்காட்சியில் திக்கித் திக்கி நகர்ந்தால், தவறு பெரும்பாலும் எடிட்டிங் அறையில் நடந்திருக்காது. ட்ரோன் தரையை விட்டு எழும்பும் முன்பே நடந்திருக்கும். இந்தியாவில் எச்டி ஒளிபரப்பு பொதுவாக நொடிக்கு 25 ஃபிரேம்கள், அதாவது 50 ஃபீல்டுகள் என்ற கணக்கில் நடக்கிறது. ஃபீல்டு என்பது ஒரு ஃபிரேமின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த பாதிப்படம். ட்ரோனை 30 ஃபிரேமில் விட்டுவிட்டால், 25-க்கு மாற்றும்போது ஆறுக்கு ஒரு ஃபிரேம் கழிந்து, மெதுவாகத் திரும்பும் காட்சியில் நொடிக்கு ஐந்து முறை ஒரு சிறு தடுமாற்றம் தெரியும். மென்பொருள் அதைச் சரிசெய்ய முயலும்போது தென்னங்கீற்றுகளும் கடலலைகளும் மெழுகுபோல் இழுபடும். எனவே 50 ஃபிரேமில் படமெடுப்பதே என் பரிந்துரை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு ஃபீல்டாக மாறுவதால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஷட்டர் வேகம் 1/100 நொடி என்றும், 25 ஃபிரேமில் எடுத்தால் 1/50 நொடி என்றும் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் இந்த வேகத்தைக் காப்பாற்ற லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி 16 அல்லது 32 ஃபில்டர் இல்லாமல் முடியாது.

அடுத்த தொல்லை மெல்லிய கோடுகள். காரைக்குடிப் பக்கம் ஓட்டுக்கூரை வீடு ஒன்றை நான் மேலிருந்து எடுத்தபோது, கணினித் திரையில் அழகாக இருந்த ஓட்டு வரிசைகள் தொலைக்காட்சியில் எறும்பு ஊர்வதுபோல் துடித்தன. ஒற்றை வரி உயரமே உள்ள கோடு இரண்டு ஃபீல்டுகளில் ஒன்றில் மட்டுமே இடம்பெறுவதால் அது விட்டுவிட்டுத் தெரிகிறது. 4கே படத்தைக் கூர்மை குறையாமல் எச்டிக்குச் சுருக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். ட்ரோனிலேயே ஷார்ப்னஸைக் குறைத்துவிட்டு, அதன் பிறகும் துடிக்கும் ஷாட்டுக்கு மட்டும் செங்குத்தாக அரை அல்லது ஒரு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கினால் போதும். வயல் வரப்பு, படிக்கட்டு, கம்பிவேலி ஆகியவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

வெளிச்ச, நிழல் விவரங்களைக் காப்பாற்ற மங்கலான வண்ணத்தில் பதிவு செய்யும் லாக் முறையில் எடுத்ததை, எச்டி தொலைக்காட்சிக்கான தரமான ரெக் 709 வண்ண வெளிக்கு மாற்ற வேண்டும். ஆனால் உங்கள் ட்ரோன் 8 பிட்டில், அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளில் மட்டுமே பதிவு செய்யுமானால் லாக் பக்கமே போகாதீர்கள். வண்ணத்தை இழுக்க இழுக்க நீலவானம் பட்டை பட்டையாகப் பிரியும். 8 பிட் கணக்கில் ஒளியளவு 16 முதல் 235 வரை அடங்க வேண்டும் என்பது அடிப்படை விதி. வெண்மேகமும் சுண்ணாம்பு அடித்த சுவரும்தான் முதலில் எல்லை தாண்டும். அவற்றை, ஒளியளவைக் காட்டும் வரைபடமான வேவ்ஃபார்மில் பார்த்து மெல்ல இறக்கிய பின், மிச்சத்தைப் பிடிக்க மட்டுமே, எல்லை தாண்டும் ஒளியளவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரைப் போடுங்கள்.

விசிறிச் சத்தத்தைப் பயன்படுத்த முடியாது என்பதால், அந்த இடத்தின் இயல்பான ஒலியைத் தரையிலேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோப்பு எந்த வடிவில் வேண்டும் என்பதைச் சேனலின் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டிகேம் எச்டி 422 என்ற ஒளிபரப்புக் கோப்பு வகை, நொடிக்கு 50 மெகாபிட், மேல் ஃபீல்டு (மேல் வரியில் தொடங்குவது) முதலில் என்பது பரவலாகக் கேட்கப்படும் வடிவம். அனுப்பும் முன், வாகனம் ஓடும் ஷாட் ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே ஓட்டிப் பாருங்கள். வண்டி முன்னும் பின்னும் உதறிக்கொண்டே போனால், ஃபீல்டு வரிசை தலைகீழாகிவிட்டது என்று பொருள்.